ஷூ போடப் பதினான்கு படிகள்

ஏற்காடு ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில், நடுரோட்டில் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் நான் அவளை முதன்முதலில் பார்த்தேன். நாகலூரிலிருந்து வந்த பஸ் அவளை இறக்கிவிட்டுக் கிளம்ப முடியாமல் நின்றது. இறங்கியவள் நேராக பஸ்ஸுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள். பின்னால் இரண்டு ஜீப், ஒரு லாரி. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், "ஏனுங்கம்மா, புள்ளைய எழுப்புங்க, வண்டி நிக்குதுல்ல" என்று கத்தினார். அந்தப் பெண்ணின் அம்மா பதறவே இல்லை. மகளுக்கு எதிரே தானும் குந்திக்கொண்டு, சட்டைக் கையின் பட்டையைத் தளர்த்திப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். கடைசியில் இடது காலைத் தூக்கி உள்ளங்காலைத் தடவி, எதையோ பிடுங்கி ஓரமாக எறிந்தார். மகள் உடனே எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, டிரைவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தாள். கடைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மதியம்தான் அவள் எனக்கு ஒதுக்கப்பட்ட கேஸ் என்று தெரிந்தது. புது ரெக்கார்டு நோட்டின் முதல் பக்கத்தில், 'நடத்தைப் பிரச்சினை: பிடிவாதம். பொது இடத்தில் தரையில் உட்கார்ந்துகொள்ளுதல்' என்று எழுதினேன்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. நான் சிறப்புக் கல்வி டிப்ளமோ படித்த கல்லூரியின் துறைத்தலைவர் ஓய்வு பெறுகிறாராம். விழா எடுக்கிறார்கள், மலர் போடுகிறார்கள். "மேடத்தப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க, நீங்கதானே அவங்களோட பெஸ்ட் ஸ்டூடன்ட்" என்றார் பேசியவர். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். நான்கு தடவை எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் மேடத்துக்குப் பதிலாக அந்தப் பெண்தான் ஞாபகத்தில் வந்து ரோட்டை மறித்து உட்கார்ந்தாள். ஆகவே அவளைப் பற்றியே எழுதுகிறேன். அவளிடமிருந்து நாங்கள் எதைப் பறித்தோம், எப்படிப் பறித்தோம், அதற்காக எனக்கு எப்படி முதல் பரிசு கொடுத்தார்கள் என்று எழுதுகிறேன். மலருக்கு இதை அனுப்பப் போவதில்லை. அனுப்பினாலும் போட மாட்டார்கள்.

கல்லூரி கீழே சமவெளியில் இருந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். பயிற்சி மையம் மட்டும் மலை மேல், ஏற்காட்டில் ஒரு பழைய பங்களாவில். இரண்டாம் வருஷத்தில் ஆறு மாதம் அங்கே தங்கி, ஆளுக்கு ஒரு கேஸ் எடுத்துக்கொண்டு பயிற்சி கொடுத்து, ரெக்கார்டு எழுதி, கடைசியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளரான எக்ஸ்டர்னல் முன்னால் அந்தக் கேஸை வைத்துச் செய்து காட்ட வேண்டும். நர்சிங் சீட் கிடைக்காததால் இந்தப் படிப்பில் விழுந்தவள் நான். என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். சேர்ந்த முதல் நாளே மேடையில் ஒருவர் எங்களுக்கெல்லாம் சேவை மனம் இருப்பதாகச் சொன்னார். சேவை மனம் என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வேலையைத் தப்பாகச் செய்கிறவர்களை யாரும் கேள்வி கேட்காமல் இருப்பதற்கு அந்த வார்த்தையைவிட வசதியானது வேறில்லை. நர்ஸ் தப்பான ஊசி போட்டால் விசாரணை வரும். நாங்கள் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் பூங்கொத்து வந்தது.

அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. டவுன் சிண்ட்ரோம். ரெக்கார்டில் பெயர் எழுதக் கூடாது என்பது விதி, அதனால் 'குழந்தை க' என்று எழுதினேன். எனக்கே அப்போது இருபது வயதுதான். என்னைவிட இரண்டு வயது சின்னவளைக் குழந்தை என்று நோட்டு முழுக்க எழுதினேன், கூச்சமே வரவில்லை. அம்மா அவளைக் கண்ணு என்று கூப்பிடுவார். நானும் அப்படியே கூப்பிட்டேன், இங்கும் அப்படியே எழுதுகிறேன். அம்மாவும் மகளும் மட்டும்தான் அந்த வீட்டில். நாகலூர் போகும் வழியில் இறங்கி, காபித் தோட்டத்துக்கு நடுவே நடந்து போக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ராகி, நான்கைந்து ஆரஞ்சு மரம், இரண்டு ஆடு. காபி அறுவடை சமயத்தில் கண்ணு அம்மாவோடு எஸ்டேட்டுக்குப் போவாள். பழுத்ததை மட்டும் பறிப்பாள், ஒரு காய் கூட கையில் வராது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் வெறுங்காலில் மேலே வரைக்கும் நடந்து போவாள். பேச்சு மட்டும் குறைவு. சொல்லச் சொன்னால் திருப்பிச் சொல்வாள், தானாகச் சொல்வது பத்துப் பதினைந்து சொல் இருக்கும். அவற்றில் மாட்டேன், வேண்டாம், வலிக்கிறது என்பதெல்லாம் கிடையாது.

கேஸுக்கு என்ன கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்பதை முதல் வாரத்தில் முடிவுசெய்ய வேண்டும். அதற்கு அச்சடித்த பட்டியல் ஒன்று இருந்தது: பல் துலக்குதல், பட்டன் போடுதல், ஷூ அணிதல், இப்படி. செருப்பு அதில் இல்லை, ஆடு மேய்ப்பது இல்லை, காபி பறிப்பதும் இல்லை. கண்ணுவுக்குத் தெரிந்த எதுவும் அந்தப் பட்டியலில் இல்லாததால், அவளுக்கு எதுவுமே தெரியாது என்று வந்தது. அந்தச் சமயத்தில் யாரோ நன்கொடையாக ஒரு பெட்டி நிறையக் கறுப்பு ஷூக்கள் அனுப்பியிருந்தார்கள். துறைத்தலைவர் மேடம் மாதம் இரண்டு தடவை மலையேறி வருவார். பெட்டியைத் திறந்து பார்த்தவர், "ஷூவை எடு. பட்டன்னா தூரத்துல இருந்து தெரியாது. எக்ஸ்டர்னலுக்குப் பார்வையா இருக்கணும்" என்றார். நீளத்தை அளந்து ஒரு ஜோடியை எடுத்தேன். அம்மாவிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க ஊட்டுல யாருங்க ஷூ போட்டா? சேத்துல போயி வரவளுக்கு அது எதுக்குங்க?" என்றார். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்க பொண்ணு முன்னேறணும்னு உங்களுக்கு ஆசையே இல்லையாம்மா?" என்று கேட்டார். அதற்கு மேல் எந்தத் தாய் பேசுவாள்?

ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பது எங்கள் தொழிலின் அடிப்படை. நல்ல முறைதான், இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஷூ அணிவதை நான் பதினான்கு படிகளாகப் பிரித்தேன். ஷூவைப் பார்ப்பது, இடது எது வலது எது என்று பிரிப்பது, ஷூவின் நாக்கை வெளியே இழுப்பது, விரல்களை நுழைப்பது, குதிகாலைத் தட்டி உட்கார வைப்பது, கயிற்றைக் குறுக்கே போடுவது என்று பதினான்கு. மேடம் படித்துப் பார்த்து, வகுப்பிலேயே இதுதான் நன்றாக இருக்கிறது என்றார். அந்தப் பதினான்கில் 'போட்டவருக்கு வலிக்கிறதா என்று கேட்பது' என்று ஒரு படி இல்லை. நான் மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. மறப்பதற்கு அது முதலில் தோன்றியிருக்க வேண்டுமே.

கண்ணு விரல்களை நுழைக்கும் படியிலேயே காலை இழுத்துக்கொண்டாள். மறுபடி நுழைத்தால் ஷூவை உதறினாள். அதற்கும் விடாவிட்டால் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் பாவாடைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இது நடந்தது. மேடத்திடம் கேட்டேன். "அழுதா கண்டுக்காத, அடுத்த ஸ்டெப்புக்குப் போ" என்றார். இதுதான் அவர் எங்களுக்குக் கொடுத்த வேதவாக்கு. வகுப்பில் சொல்வார், மையத்தில் சொல்வார், ஒரு தடவை கேன்டீனில் காபி குடித்துக்கொண்டே சொன்னார். நான் அப்படியே செய்தேன். அவள் தரையில் உட்கார்ந்தால் நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன். எழுந்து நாற்காலிக்கு வந்தால் ஒரு ஆரஞ்சுச் சுளை. விரலை நுழைக்க விட்டால் இரண்டு சுளை. அந்த ஆரஞ்சு அவள் வீட்டு மரத்தில் காய்த்தது, அம்மா எனக்காகப் பையில் போட்டுக் கொடுத்தனுப்பியது. அதை வைத்துத்தான் அவளைப் பழக்கினேன்.

எவ்வளவு தடவை மறுத்தாள் என்று தினமும் குறித்து, கிராஃப் தாளில் சிவப்புப் பேனாவால் கோடு இழுப்பேன். கோடு இறங்கிக்கொண்டே வந்தது. நான்காவது மாதம் தரையைத் தொட்டுப் படுத்துவிட்டது. கண்ணு மறுப்பதை நிறுத்திவிட்டாள். ஷூவை எடுத்தாலே வந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். மேடம் அந்தத் தாளைக் கையில் தூக்கிக் காட்டி வகுப்பைக் கைதட்டச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊருக்கு எழுதினேன், என் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மாதம் எங்களுக்கு எழுத்துத் தேர்வு நடந்தது. டவுன் சிண்ட்ரோமின் உடல் அடையாளங்கள் யாவை என்று இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று. பாதம் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இடைவெளி இருக்கும், சாதாரண ஷூ பொருந்தாமல் போகலாம், வலியைச் சொல்லத் தாமதமாகலாம் என்று அழகாக எழுதினேன். இரண்டுக்கு இரண்டு வாங்கினேன். தேர்வு முடிந்து மையத்துக்குப் போய், அதே பாதத்தை மடியில் வைத்து அந்தக் குறுகிய ஷூவுக்குள் திணித்தேன். படித்தது ஒரு அறையில் இருந்தது, கால் இன்னொரு அறையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே நடந்து போய்வந்தவள் நான்தான். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நான் தப்பித்துக்கொள்ளவே முடியாது, எனக்குத் தெரிந்திருந்தது.

பிராக்டிகல் நாளன்று எக்ஸ்டர்னல் ஒருவர் வந்தார், நல்ல மனிதர், கலகலப்பானவர். கண்ணுவுக்குப் புதுச் சுடிதார் போட்டு, தலைக்குப் பூ வைத்து அழைத்து வந்திருந்தார் அம்மா. பதினான்கு படியும் ஒன்று விடாமல் செய்தாள். கயிற்றை முடிந்துவிட்டு, நான் பழக்கியபடி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "நடந்து காட்டும்மா" என்றார் எக்ஸ்டர்னல். நடந்தாள். கொஞ்சம் சாய்ந்து நடந்தாள். நான் பார்த்தேன், மேடம் பார்த்தார், எக்ஸ்டர்னலும் பார்த்தார். டவுன் சிண்ட்ரோம் நடை அப்படித்தான் இருக்கும் என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நாற்பது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. கல்லூரியிலேயே முதல் மதிப்பெண் எனக்கு. சாப்பாட்டுக்குப் போகும் முன்னால் எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். கண்ணு நடுவில் இருக்கிறாள், ஷூ தெரியும்படி நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்த ஷூவை அவளுக்கே பரிசாகக் கொடுத்தார் மேடம். கூடவே வீட்டில் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார், அது வழக்கம். 'தினமும் காலை முதல் மாலை வரை ஷூ அணிந்திருக்க வேண்டும். கழற்ற அனுமதிக்கக் கூடாது. விட்டால் பழக்கம் போய்விடும்' என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டு, கூரைச் செருகலில் பத்திரமாக வைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. டீச்சர் எழுதிக் கொடுத்தது என்றால் மருந்துச் சீட்டு மாதிரி அவருக்கு. ஒரு நாள் கூடத் தவறவில்லை.

மழை பிடித்துப் பெய்துகொண்டிருந்த ஒரு மாதத்தில், அதே மையத்தில் எனக்கே வேலை கிடைத்தது. தற்காலிகம்தான், ஆனாலும் வேலை. சேர்ந்து பத்து நாள் இருக்கும், ஒண்டிக்கடையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தம்மாவைப் பார்த்தேன். தனியாக நின்றிருந்தார். கண்ணு எங்கே என்று கேட்டேன். "சேலத்துல ஆஸ்பத்திரில இருந்துட்டு இப்பத்தானுங்க ஊட்டுக்குக் கூட்டியாந்தேன். ரெண்டு வெரலு எடுத்துட்டாங்க டீச்சரம்மா" என்றார். எனக்கு முதலில் கை விரல் என்றுதான் தோன்றியது. எஸ்டேட்டில் மிஷினில் ஏதாவது என்று நினைத்தேன். அவர் குனிந்து தன் கால் விரலைத் தொட்டுக் காட்டினார். சின்ன விரலும் பக்கத்து விரலும். ஷூவுக்குள் உரசி உரசிப் புண்ணாகி, மழையில் நனைந்த ஷூவோடே நாள் முழுக்க நடந்து, சீழ் வைத்து, வாடை வந்த பிறகுதான் தெரிந்ததாம்.

"வலிச்சிருக்குமே, அழலையா?" என்று கேட்டேன். இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டேன் என்பதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அந்தம்மா கோபப்படவில்லை. எனக்குப் புரியவைக்கப் பார்த்தார். "அவ அழுவ மாட்டாளுங்க. முன்னயெல்லாம் முள்ளு குத்துனாலும் சரி, வவுறு வலிச்சாலும் சரி, இருக்கற எடத்துல குந்திக்குவா. எந்திரிக்கவே மாட்டா. நான் ஒவ்வொன்னாத் தொட்டுத் தொட்டுப் பாத்துக் கண்டுபிடிப்பேன். சின்னதுல இருந்து அதுதானுங்க எங்களுக்குள்ள. நீங்க பழக்குனதுக்கு அப்பறம் அவ குந்தறதே இல்லீங்க. நல்லாத்தானே இருக்கறான்னு நான் இருந்துட்டனுங்க. நொம்ப நாளு கழிச்சு ஊட்ல வாட அடிக்கறப்பத்தான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பஸ் வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிப்போய்விட்டார். எனக்கு அந்தப் பஸ்ஸில்தான் போக வேண்டியிருந்தது. ஏறவில்லை.

பிடிவாதம் என்று நான் எழுதினேனே, அது ஒரு பெண் தன் அம்மாவிடம் பேசிய பேச்சு. பதினெட்டு வருஷமாக இரண்டு பேருமாகச் சேர்ந்து உண்டாக்கிய பேச்சு. முதல் நாளே, ஒண்டிக்கடையில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே, எனக்கு எதிரே அது நடந்தது. அந்தம்மா முள்ளைப் பிடுங்கி எறிவதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போய் நோட்டில் பிரச்சினை என்று எழுதினேன், நான்கு மாதம் உழைத்து அதை ஒழித்தேன். சிவப்புக் கோடு கீழே இறங்க இறங்கக் கைதட்டினார்கள்.

மறுநாள் மேடம் வந்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார், முதுகைத் தட்டினார். பிறகு கண்ணுவின் ஃபைலை எடுத்துவரச் சொன்னார். "எழுது, உன் கேஸ்தானே. பெற்றோரின் கவனக்குறைவாலும் சுகாதாரமின்மையாலும் பாதத்தில் புண் ஏற்பட்டது. மையத்தின் பயிற்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை." நான் பேனாவை எடுக்காமல் இருந்தேன். "உன்னை ஆறு மாசத்துல நிரந்தரம் பண்ணலாம்னு நான் லெட்டர் போட்டிருக்கேன்" என்றார். மிரட்டவில்லை, பாசமாகத்தான் சொன்னார். அதனால்தான் அவர்மேல் எனக்குத் தாங்கமுடியாத கோபம். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதுவது எவ்வளவோ சுலபம். ஏழைப் பெண்களைப் படிக்க வைத்தார், பலருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார், ஒரு நாளும் யாரையும் கடிந்து பேசியதில்லை. ஒரு தாயின் தலையில் பழியைப் போட்டு எழுதச் சொன்ன குரலும் அதே கனிவான குரல்தான். நான் எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். காலை நீட்டென்றால் நீட்டுவதற்குக் கண்ணுவைப் பழக்கியவள், கையை நீட்டென்றதும் நீட்டினேன். அவளுக்கு ஆரஞ்சுச் சுளை, எனக்கு நிரந்தர வேலை.

அதோடு முடிந்திருந்தால்கூட ஒருத்திக்குச் செய்த கொடுமை என்று இருந்திருக்கும். எங்கள் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு, உள்ளே இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் மதிப்பெண் வாங்கிய ரெக்கார்டு நூலகத்துக்குப் போகும். அடுத்த வருஷத்து மாணவிகள் அதை எடுத்துவந்து, கேஸின் வயதையும் 'க' என்ற எழுத்தையும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே எழுதுவார்கள். அவர்களுடையதைப் பார்த்து அடுத்த கல்லூரிக்காரர்கள். பல வருஷம் கழித்து, வேறொரு ஊரில் நானே எக்ஸ்டர்னலாகப் போனேன். சித்திரை வெயில். ஒரு மாணவி ஒன்பது வயதுச் சிறுமியை உட்கார வைத்து ஷூ போடக் கற்றுக்கொடுத்துக் காட்டினாள். பதினான்கு படிகள். பக்கத்தில் தட்டில் ஆரஞ்சுச் சுளை. அந்த ஊரில் அந்தச் சமயத்தில் ஆரஞ்சுக்கு எங்கே போனாய் என்று கேட்டேன். "ரெக்கார்டுல அப்படித்தான் மேடம் இருக்கு" என்றாள். சிறுமி காலை இழுத்துக்கொண்டாள். மாணவி உடனே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நிறுத்தச் சொன்னேன். ஷூவைக் கழற்றிச் சிறுமியின் காலைப் பார்த்தேன். காயம் எதுவும் இல்லை, அளவும் சரியாகவே இருந்தது. அவளுக்கு அன்றைக்கு ஷூ போடப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அது போதாதா? "புடிக்கலைன்னா விட்டுரும்மா" என்றேன். மாணவி பயந்துபோய், "மார்க் போயிருமா மேடம்?" என்றாள். மதிப்பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பொருட்கள் தயாரித்ததற்கு மதிப்பெண் உண்டு, குரல் தெளிவுக்கு உண்டு, புடவை நேர்த்திக்குக்கூட ஒரு கட்டம் இருக்கிறது. எதிரே இருப்பவரின் விருப்பத்தைக் கவனித்ததற்கு எந்தக் கட்டமும் இல்லை. மறுவாரமே என் பழைய கல்லூரி நூலகத்துக்குப் போனேன். என் ரெக்கார்டு பழுப்பு அட்டை போட்டு, ஓரம் நைந்து, இன்னும் அங்கேயே இருந்தது. முதல் பக்கத்தில், 'இந்தப் பயிற்சியால் இந்தப் பெண் இரண்டு கால் விரல்களை இழந்தாள். இதைப் பார்த்து எழுதாதீர்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தேன். ரெக்கார்டு இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்திருந்தார்கள்.

மலருக்காகப் போன் வந்த மறுவாரம் நாகலூர் பஸ் ஏறினேன். ஏன் இத்தனை வருஷம் போகவில்லை என்று கேட்டால், பயம்தான். அந்தம்மாவுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். "அடடே, டீச்சரம்மாங்களா? வாங்க, வாங்க. இந்தப் பக்கமே காணமுங்க" என்றார். உட்காருவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று, "நீங்க சரியாப் பாத்துக்கலைன்னு அன்னைக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேங்க. அது பொய்ங்க. தப்பு எங்க மேலதான்" என்றேன். "தெரியுமுங்க" என்றார் அவர். "அந்தக் காயிதத்தக் காட்டித்தான், பாத்துக்க முடியலைன்னா புள்ளைய ஹோம்ல உட்ருங்கன்னு ரெண்டு தடவ ஆளு வந்தாங்க. ஜீப்பே கொண்டாந்துட்டாங்க. நான் வாசல்லயே குந்திக்கிட்டனுங்க. யாரு சொல்லியும் எந்திரிக்கல. கண்ணு மட்டும் கெளம்பி ஜீப்புகிட்ட போயி நின்னுட்டா. வான்னு சொன்னாங்கல்ல, போயிட்டா. அப்பறம் அவங்களே என்னயப் பாத்துட்டு உட்டுட்டுப் போயிட்டாங்க."

வான்னு சொன்னாங்கல்ல, போயிட்டா. இதற்குப் பிறகு அந்தம்மா காபி போட்டார், மழை பற்றிச் சொன்னார், இப்போதெல்லாம் கண்ணுவை எங்கேயும் தனியாக விடுவதில்லை என்றும், திருவிழாவுக்கு மேலே ஏறுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது என்றும் சொன்னார். எதையும் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம். அவர் பங்கையும் சேர்த்து நானே கோபப்பட வேண்டியிருக்கிறது.

"கண்ணு, இங்க வா சாமி. யாரு வந்துருக்காங்க பாரு" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். கண்ணு வந்தாள். முப்பதைத் தாண்டிவிட்டாள், காதோரம் லேசாக நரை. என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன், இல்லாவிட்டால் உள்ளே ஓடிப்போவாள் என்று நினைத்தேன், ஓடிப்போக வேண்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது. அவள் என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். யாரும் எதுவும் சொல்லாமலே இடது காலைத் தூக்கி என் மடியில் வைத்தாள். மூன்று விரல் இருந்த கால். வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"வேண்டாம் கண்ணு. எனக்கு எதுவும் வேண்டாம். எடுத்துக்கோ" என்று சொல்ல வாயைத் திறந்தவள், அது இன்னொரு கட்டளையாகிவிடும் என்று பாதியில் நிறுத்தினேன். அவள் என்னைத் தள்ள வேண்டும், உதைக்க வேண்டும், பாவாடைக்குள் காலை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. பொறுக்கமாட்டாமல், "மாட்டேன்னு சொல்லு கண்ணு. ஒரே ஒரு தடவ எங்கிட்ட மாட்டேன்னு சொல்லு" என்றேன்.

"மாட்டேன்" என்றாள் கண்ணு. சரியாகச் சொன்னோமா என்று என் முகத்தைப் பார்த்தாள். கால் என் மடியிலேயே இருந்தது.